எரியுது என்பதும் ஒரு காரணம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னிடம் மலைநாட்டுக் கதை ஒன்று கேட்டார். "நல்ல கனமா இருக்கட்டும் டீச்சர். அட்டைக்கடி, மழை, பட்டினி, கடைசியில ஒரு சாவு" என்றார். நான் ஒரு பஸ் கண்டக்டரின் தாடையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சவரமெல்லாம் ஒரு கதையா டீச்சர்?"

அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இந்தக் கதையில் அட்டை கிடையாது. யாரும் சாகவும் மாட்டார்கள். ஒரு மனிதனுக்குச் சவரம் செய்தால் முகம் எரிகிறது. அதுதான் கதை. பிடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அடுத்த பக்கத்தில் ஆசிரியர் நல்ல சாவு ஏதாவது போட்டிருப்பார்.

(ஒரு பெண்ணுக்குச் சவரத்தைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? என் மேலுதட்டில் கறுப்பாகக் கோடு ஒன்று முளைக்கும். நூலை முறுக்கிப் பிடுங்குவேன். மறுநாள் அந்த இடம் தடித்துச் சிவந்து, தேத்தண்ணீர்க் கோப்பை பட்டாலே எரியும். ஆகவே கொஞ்சம் தெரியும். இதற்கு மேல் என் உதட்டைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.)

2

தொடக்கம் சரியாக வரவில்லை.

"இரத்தோட்டை மலைகளின் மேல் வெண்பனி மெல்லத் தவழ்ந்து —"

வேண்டாம். பனி தவழாத மலைநாட்டுக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.

"நாகமுத்துவின் முகத்தில் தினமும் ஒரு போர் —"

போராவது, மண்ணாங்கட்டியாவது. அடித்தாயிற்று.

என் நானா, அதாவது என் அண்ணன், சொன்னபடியே தொடங்குகிறேன். பஸ்கள் எல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போவதற்குச் சில வருஷம் முன்பு, ஜவாஹிர் நானா மாத்தளை–இரத்தோட்டை ஓட்டத்தில் ஒரு கம்பனி பஸ்ஸுக்கு டிரைவராக இருந்தார். நாகமுத்து அந்த பஸ்ஸின் கண்டக்டர். இரவில் பஸ் இரத்தோட்டையில் தங்கும். மத்தியானம் மாத்தளையில் நிற்கும்போது நானா சாப்பிட வீட்டுக்கு வருவார். ஒருநாள் சோற்றில் கை வைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"இன்டெக்கும் அவன்ட கழுத்துல ரத்தம் ஈக்கிது. காக்கிச் சட்டக் கொலர் முழுக்கப் புள்ளி. பஸ்ஸுல வார சின்னப் புள்ளைகள் பாத்துட்டு அழுகுது" என்றார்.

இந்தத் தொடக்கம் போதும். பனி தேவையில்லை.

3

நாகமுத்து இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அவன் மனைவி புஷ்பவதி இன்னும் அங்கேதான் கொழுந்தெடுக்கிறாள். அவன் மட்டும் எப்படியோ கீழே இறங்கி வந்து காக்கி போட்டுக்கொண்டான். தோட்டத்தில் அவன் பேரை வெட்டிவிட்டார்கள். இந்த வேலை போனால் கங்காணிக்கு முன்னால் தலையைச் சொறிந்து நின்று, மறுபடி பேர் பதியச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அதைப் போல அவன் பயப்படுகிற காரியம் வேறில்லை. வாசகர் இதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கம்பனியின் மனேஜர் அழகையா. கண்டக்டர் என்றால் முகம் மழமழவென்று இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். முதல் ஓட்டம் முடிந்து பஸ் மாத்தளை ஸ்டாண்டில் வந்து நின்றதும், டிக்கட் புத்தகத்தை வாங்கி ஒரு டிக்கட்டைக் கிழிப்பார். அதன் விளிம்பை நாகமுத்துவின் கன்னத்தில் கீழிருந்து மேலாக இழுப்பார். சத்தம் வரக் கூடாது. 'சர்' என்று கேட்டால் அன்றைய மீதி ஓட்டம் வேறு ஆளுக்கு. பயணிகள் பார்த்துக்கொண்டு நிற்க இது தினமும் நடக்கும்.

அழகையாவை வில்லனாக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவரும் லயத்திலிருந்து ஏறி வந்தவர். ஒரு தடவை நாகமுத்துவிடம் சொன்னாராம்:

"தாடியும் மீசையுமா நின்னீன்னா லயத்துக்காரன் குடிச்சிட்டு வந்திருக்கான்னு சொல்லுவானுங்க. நம்ம ஒருத்தன் மூஞ்சிய பாத்துத்தான்டா நம்ம எல்லாரையும் எட போடுறானுங்க."

நாகமுத்து டிக்கட் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். இதை எழுதும்போது நான் இன்னும் கோபத்தோடுதான் இருந்தேன்.

நாகமுத்துவுக்குச் சுருட்டை முடி. கத்தி வெட்டிய முனை கூராகி, வளைந்து, தோலுக்குள்ளேயே திரும்ப முளைக்கும். அந்த இடத்தில் கொப்புளம் எழும்பிச் சீழ் கட்டும். மறுநாள் கத்தி அந்தக் கொப்புளத்தின் தலையைச் சீவும். அதில் வியர்வை இறங்கினால் — [இங்கே மிளகாயை வைத்து ஓர் உவமை இருந்தது. எடுத்துவிட்டேன். எரிந்தது, அவ்வளவுதான்.]

4

அவன் சும்மா இருந்தான் என்று நினைக்காதீர்கள். கதாநாயகன் முயற்சி செய்யவில்லை என்றால் வாசகருக்கு அவன்மேல் மரியாதை வராது. முயற்சி செய்தான், பாவம், முகத்தையே பணயம் வைத்து.

மார்க்கட்டுக்குப் பக்கத்தில் லாபிர் சலூன் வைத்திருந்தார். அவர் நாகமுத்துவின் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதிர்ப்பக்கம் இழுக்க வாணாம் தம்பி. மயிர் சாயிற பக்கமே கத்திய ஓட்டுங்க. மொதல்ல சுடுதண்ணித் துணியால ஒத்தடம் குடுங்க" என்றார். எரிச்சல் பாதி குறைந்தது. ஆனால் அப்படி மழித்தால் டிக்கட் சத்தம் போட்டது.

படிகாரம் தேய்த்தான். ரத்தம் நின்றது, கொப்புளம் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புஷ்பவதி விரலில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு மயிராகப் பிடுங்க உட்கார்ந்தாள். பொழுது சாய்வதற்குள் ஒரு கன்னம்தான் முடிந்தது. "புள்ள பெத்தவ நானு, நீங்க ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?" என்று கேட்டாள். மறு கன்னத்தைக் காட்ட அவன் ஒப்பவில்லை. பிடுங்கிய மயிரெல்லாம் வரும்போது முன்னைவிட ஆழமாக உள்ளே மடிந்து வந்தது.

பிறகு யாரோ கண்டியிலிருந்து மயிர் உதிர்க்கும் பவுடர் வாங்கி வந்து கொடுத்தார்கள். தண்ணீரில் குழைத்துப் பூசி, வழித்தெடுக்க வேண்டும். மயிர் போனது. கூடவே தோலும் போனது. போகாமல் நின்றது நாற்றம்தான். அன்று பஸ்ஸில் அழுகின முட்டை நாறுகிறது என்று சனம் கூச்சலிட, சந்தைக்கு முட்டை கொண்டுபோன ஒரு வியாபாரியின் கூடையை மூன்று பேர் சேர்ந்து கிளறிப் பார்த்தார்கள். நாகமுத்து வாயைத் திறக்காமல் டிக்கட் கிழித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் லாபிர்தான் வழி கண்டுபிடித்தார். தலைமுடி வெட்டுகிற கை மெஷினைக் கன்னத்தில் ஓட்டினார். மெஷின் தோலைத் தொடாது. மயிரை ஒட்ட வெட்டி மெல்லிய கறுப்பு நிழல் ஒன்றை மட்டும் விட்டு வைக்கும். இரண்டு மூன்று நாள் அப்படி வெட்டியதில் கொப்புளம் வாடத் தொடங்கியது. அவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தான் என்று எழுத ஆசை. லாபிரின் கண்ணாடியில் பாதரசம் போய் முகம் சரியாகத் தெரியாது. ஆனாலும் சிரித்தான்.

வாசகரே, கவனித்தீர்களா? தீர்வு கிடைத்துவிட்டது. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் அவன் தோல் அல்ல.

"இது என்னா சவரம்? ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு" என்றார் அழகையா.

"எரியாம இருக்குங்க சார். கிட்ட வந்து பாத்தாத்தானே தெரியுது."

"டிக்கட்டுக்குத் தெரியுதே!"

அன்று மீதி ஓட்டம் வேறு ஆளுக்குப் போனது. மறுநாள் நாகமுத்து மறுபடி கத்தியை எடுத்தான். எனக்கு இந்த இடத்தில் பேனாவை எறிந்துவிட்டு எழுந்து போகலாம் போலிருந்தது.

5

இங்கே அவன்மேல் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பொறுமை ஒரு மனிதனுக்கு உண்டா? நான் என்றால் அந்த டிக்கட்டை அவர் வாயில் — [ஆசிரியர் அடிப்பார். நானே அடித்துவிட்டேன்.]

தை மாதக் கடைசியில் தாடையில் பெரிய கட்டி ஒன்று எழும்பியது. கத்தி வைக்கவே முடியாது. புஷ்பவதி குப்பைமேனி இலையையும் மஞ்சளையும் அரைத்து முகம் முழுக்க அப்பினாள். நாலைந்து நாள் கழித்துக் கட்டி உடைந்து, அவன் வேலைக்கு வந்தபோது முகத்தில் தாடி; தாடிக்கு உள்ளும் வெளியும் மஞ்சள். ஊரில் அம்மன் கோயில் மாசி மகத் தேருக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது.

நம்மூர் விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் தமிழ் ஆண்பிள்ளை ஒருவன் தாடியோடு தெருவில் இறங்கினால் அந்தத் தாடி காரணம் சொல்லியாக வேண்டும். வீட்டில் மனைவி முழுகாமல், அதாவது பிள்ளை உண்டாகி, இருக்கிறாள், அல்லது சாவு விழுந்திருக்கிறது, அல்லது அம்மனுக்கு வேண்டுதல். இளந்தாரி என்றால் காதல் தோல்வி என்று ஊரே முடிவு செய்துகொள்ளும். தோல் எரிகிறது என்பது இதில் எதிலும் சேராது. அப்படி ஒரு காரணத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அன்று முதல் ஓட்டத்தில் கமலாட்சி என்ற கொழுந்தெடுக்கிற பெண், காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஏறினாள். நாகமுத்துவின் மஞ்சள் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு கும்பிட்டாள்.

"அம்மனுக்குங்களா தம்பி?"

"இல்லீங்கக்கா. சவரம் பண்ணினா தோல் எரியுது. அதுக்குத்தான் மஞ்சள்."

அவள் எல்லாம் புரிந்ததுபோலத் தலையசைத்தாள். "சொல்லக் கூடாதுதான். வெளிய சொன்னா பலிக்காதுல்ல. எம்புள்ளைக்கும் சேத்து வேண்டிக்கங்க."

"ஐயோ அக்கா, வேண்டுதலே இல்லீங்க."

"சரிங்க, சரிங்க" என்று அவள் இன்னும் பயபக்தியோடு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் மறுக்க மறுக்க அவர்கள் நம்பினார்கள். பஸ் மாத்தளைக்கு வந்து சேர்வதற்குள் கண்டக்டருக்குப் பெரிய வேண்டுதல் என்று பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. அழகையா டிக்கட்டைக் கிழித்துக்கொண்டு வரும்போதே இரண்டு பெண்கள் இறங்கி ஓடி அவரிடம் சொன்னார்கள். அவர் டிக்கட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"தேர் வரைக்கும் வச்சுக்க. அம்மன் காரியத்துல நான் கை வைக்க மாட்டேன்."

"சார், எனக்கு வேண்டுதல் ஒன்னும்..."

"தெரியும்டா. வாய மூடு. சொல்லாத."

6

அந்த நாட்களை எழுதும்போது நான் சந்தோஷமாக இருந்தேன். அவன் முகம் ஆறியது. காலரில் புள்ளி இல்லை. கமலாட்சியின் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி மருந்தில் காய்ச்சல் விட்டது. அவள் நன்றி சொன்னது நாகமுத்துவுக்கு. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். புஷ்பவதி மட்டும் கொதித்தாள். லயத்தில் பாதிப் பேர் வேண்டுதலை நம்பினார்கள், மீதிப் பேர் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று நம்பினார்கள்.

"ஆளுக்கொரு மாங்கா கொண்டாந்து குடுக்குறாங்க. ஊறுகாதான் போடணும். எம்மூஞ்சிய நான் எங்க கொண்டு போய் வச்சுக்குறது?"

ஆனால் வேண்டுதல் தாடிக்கு ஒரு முடிவு உண்டு. அது கத்திக்காகவே வளர்கிற தாடி. தேரன்றைக்குக் கோயிலில் மொட்டையும் போட்டு முகத்தையும் மழித்தால்தான் வேண்டுதல் தீரும். அதற்குப் பிறகு மறுநாளிலிருந்து தினமும் டிக்கட். இது நாகமுத்துவுக்குத் தெரியும். இரத்தோட்டையில் தேத்தண்ணீர்க் கடையில் நானாவிடம் சொன்னான்.

"எல்லாருமா சேந்து என்ன இழுத்துட்டுப் போயி மழிச்சு விடப் போறாங்க நானா."

"அப்ப எங்கட பள்ளிவாசலுக்கு வந்துடு. தொப்பி நான் தாரேன்" என்று நானா தன் தாடியைத் தடவிச் சிரித்தார். அவன் சிரிக்காததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு மார்க்கம் சொல்லுது, நான் வெச்சீக்கிறேன். ஒனக்குத் தோல் சொல்லுது. அத நாலு பேர் முன்னுக்குச் சொல்லேன்டா."

"சொன்னேனுங்களே. யாரு கேட்டா?"

(நானா இந்தப் பகுதியைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "அவன் இப்புடியெல்லாம் பேசல்ல தங்கச்சி. சும்மா பிளேன்ட்டி குடிச்சான்." குடித்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் நானா. ஆனால் பேசாத மனிதனுக்குப் பேச்சு கொடுக்க முடியாவிட்டால் நான் எதற்கு எழுத வேண்டும்?)

7

இனி முடிவு. கேட்காமலே நிறையப் பேர் எனக்கு முடிவு கொடுத்தார்கள்.

ஆசிரியர் சொன்னது: தேருக்கு முந்தின இரவு அம்மன் கனவில் வந்து அவன் கன்னத்தைத் தடவுகிறாள், காலையில் மழித்தால் எரியவில்லை. நான் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. ஆனாலும் சின்ன வயதிலிருந்து அந்தத் தேர் போவதைத் தெருவோரம் நின்று பார்த்தவள். அவ்வளவு சனத்தின் பாரத்தையும் கேட்கிற அம்மனை ஒரு பஸ் கம்பனியின் சட்டத்துக்கு வக்காலத்து வாங்க வைக்க எனக்கு மனமில்லை.

அதே ஆசிரியரின் இரண்டாவது யோசனை: வேலை போகிறது, அவன் மழையில் நனைந்து லயத்துக்குத் திரும்புகிறான். அந்தப் பாதையில் அட்டை இருக்கும். வாக்குக் கொடுத்துவிட்டேன், முடியாது.

என்னோடு படிப்பிக்கும் ஒரு தோழர், எல்லாக் கண்டக்டர்களும் தாடி வளர்த்து வேலைநிறுத்தம் செய்யட்டும் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. மற்றக் கண்டக்டர்களுக்குச் சவரம் எரியவில்லையே! அவர்கள் தலைக்கு எண்ணெய் தடவி, பவுடர் போட்டு, மாப்பிள்ளை மாதிரி வருகிறவர்கள். நாகமுத்துவின் தாடைக்காக ஒருநாள் சம்பளத்தை விடுவார்களா?

உண்மையில் என்ன நடந்தது என்று நானாவிடம் கேட்டேன். சொன்னார். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நடந்தது இதுதான் என்று தெரிந்துவிட்டால், அது அப்படித்தான் நடந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். உங்களை அவ்வளவு லேசில் விடுவதாக இல்லை.

8

தேருக்கு முந்தின நாள் பின்னேரம். மாத்தளை ஸ்டாண்ட். பஸ் நிறைந்து, இடுக்கில் நிற்கவும் இடமில்லை. மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழைக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். கமலாட்சி பிள்ளையை மடியில் வைத்து முன் சீட்டில் இருக்கிறாள். நானா ஸ்டியரிங்கில். நாகமுத்து பின்வாசல் படியில்.

அழகையா வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார். "நாளைக்கு ஒனக்கு லீவு. கோயில்ல நான் சொல்லி வச்சிருக்கேன், மொத ஆளா ஒனக்குத்தான் மழிப்பாங்க. நாளமறுநாள் பழைய மாதிரி ஜம்முனு வந்து நிக்கணும்" என்றார்.

நாகமுத்து படியை விட்டு இறங்கவில்லை.

"சார், எனக்கு வேண்டுதல் இல்ல. அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். மழிச்சா எரியுது. மெஷின்ல ஒட்ட வெட்டிக்கிட்டுச் சுத்தமா வருவேன். கத்தி மட்டும் வேணாம். கோயிலுக்கும் வேணாம், கம்பனிக்கும் வேணாம்."

கமலாட்சி எழுந்து திரும்பினாள். "அப்ப எம்புள்ளைக்கு வேண்டிக்கங்கன்னு சொன்னேனே?"

"வேண்டிக்கிட்டேனுங்கக்கா. மூஞ்சில மயிரு இல்லாம இருந்தாலும் வேண்டிக்கிட்டிருப்பேன்."

அவள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அழகையாவின் முகம் சிவந்தது. "எரியுதுன்னா? எரியுதுங்கறது ஒரு காரணமாடா? எனக்கு எரியலயா? மீச மொளச்ச நாள்லேருந்து எரியுது. நான் பொறுத்துக்கலயா? பொறுத்துக்கிட்டுத்தானே இந்த எடத்துக்கு வந்து நிக்கிறேன்!"

சொல்லிக்கொண்டே, கழுத்து வரை பூட்டியிருந்த சட்டைக் காலரின் பொத்தானை அவிழ்த்து விரித்துக் காட்டினார். காலர் மறைத்திருந்த இடம் முழுக்கக் கொப்புளமும் தழும்பும். புதிதும் பழையதுமாக, நாகமுத்துவுடையதைவிட மோசமாக.

(இதை நானா எனக்குச் சொல்லவில்லை. நானும் திட்டம் போடவில்லை. இந்த மனிதரை இத்தனை பக்கமாக வைது எழுதிக்கொண்டு வந்தேன். அவர் தானாகக் கழுத்தைத் திறந்து காட்டிவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

நாகமுத்து பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"அப்ப நீங்களும் விட்டுருங்க சார்."

அழகையா விரலால் தரையைக் காட்டினார். "எறங்கு. கத்தி இல்லன்னா பஸ்ஸும் இல்ல. எறங்கு" என்றார். ஆனால் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

இந்த இடத்தில் பேனாவை வைக்கிறேன்.

இவ்வளவு தூரம் வந்த நீங்களும் அந்த பஸ்ஸில்தான் இருக்கிறீர்கள், நடுவில், ஜன்னலோரம். அவன் இறங்கிவிட்டால் வேறு கண்டக்டர் ஏறுவான். உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை, மழைக்கு முன் வீட்டுக்குப் போய்விடலாம். கங்காணிக்கு முன் தலையைச் சொறிவது அவன் பாடு. அது வேண்டாமென்றால், மணிக் கயிறு சீட்டுகளுக்கு மேலே டிரைவர் வரைக்கும் ஓடுகிறது. கண்டக்டர்தான் இழுக்க வேண்டும் என்று கயிற்றுக்குத் தெரியாது. இரண்டு தரம் இழுத்தால் நானா அவனோடு பஸ்ஸை எடுத்துவிடுவார். யார் இழுத்தது என்று திரும்பிப் பார்க்க மாட்டார். அவரை எனக்குத் தெரியும்.

என் முகத்தைப் பார்க்காதீர்கள். நான் அந்த பஸ்ஸில் இல்லை. பக்கத்திலிருப்பவரையும் பார்க்காதீர்கள், அவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்களை அவசரப்படுத்தவும் மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன்: அழகையா காலர் பொத்தானை இன்னும் போடவில்லை.